சிறிய காருக்கு அலாய் வீல்: அங்குலத்தைக் கூட்டும் முன் போட வேண்டிய கணக்கு

மழைக்காலம் முடிந்த கையோடு எந்த டயர் கடைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பேலன்சிங் இயந்திரத்தில், அலுமினியக் கலவையில் செய்த அலாய் வீல் ஒன்று மெல்லச் சுழல்கிறது. வெளிமுகம் பளபளவென்று குறையில்லாமல் இருக்கிறது. உட்பக்க விளிம்பு மட்டும் ஒரே ஓர் இடத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும், எழும்பித் தாழ்கிறது. "போட்டு மூணு மாசம்கூட ஆகலையே" என்கிறார் வண்டிக்காரர். "பெண்டு எடுத்துடலாம் சார்" என்கிறார் கடைக்காரர்.

வாங்கும்போது அவரிடம் சொல்லப்பட்டவை வழக்கமான மூன்று வாக்குறுதிகள்: எடை குறைவு, மைலேஜ் கூடும், இரும்பை விட உறுதி. மூன்றிலும் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம். எது எவ்வளவு உண்மை என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு நம் சாலைகளில் எங்கும் தென்படும் மாருதி ஸ்விஃப்ட்டை வைத்துக்கொள்வோம். கணக்கிடும் முறை எந்தச் சிறிய காருக்கும் ஒன்றுதான்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்கள்

ஸ்விஃப்ட்டின் தொடக்க நிலை வகைகளில் 165/80 ஆர்14 டயரும், மேல்நிலை வகைகளில் 185/65 ஆர்15 டயரும் வருகின்றன. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவராக உயர்ந்து நிற்கிறது என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

165-இல் 80 சதவீதம் என்றால் பக்கச் சுவர் 132 மி.மீ. மேலும் கீழுமாக இருமுறை இதைக் கூட்டி, 14 அங்குல ரிம்மின் 355.6 மி.மீட்டரையும் சேர்த்தால் மொத்த விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15-க்கு இதே கணக்கில் 621.5 மி.மீ. கடையில் "அப்கிரேட்" என்று காட்டப்படும் 195/55 ஆர்16-க்கு 620.9. இன்னும் ஆசைப்பட்டு 205/45 ஆர்17 போனால் 616.3.

மொத்த விட்டம் ஏறக்குறைய மாறவே இல்லை, மாறவும் கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் தவறு காட்டும், வீல் ஆர்ச்சில் டயர் உரசும். ஆகவே ரிம்மில் கூட்டும் ஒவ்வோர் அங்குலமும் ரப்பரிலிருந்து எடுக்கப்படுகிறது. பக்கச் சுவர் 14 அங்குலத்தில் 132 மி.மீ., 15-இல் 120, 16-இல் 107, 17-இல் 92. இக்கட்டுரையின் மீதிக் கணக்கு முழுவதும் இந்த நான்கு எண்களிலிருந்துதான் கிளம்புகிறது.

பள்ளத்தின் விளிம்பு ரிம்மைத் தொடும் கணம்

வீல் உடைவது பள்ளத்தில் இறங்கும்போது அல்ல, ஏறும்போது. வெட்டுப்பட்ட தாரின் எதிர்விளிம்பு கத்திபோல டயரில் மோதுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. சஸ்பென்ஷன் மேலே எழ அவகாசம் கிடைப்பதற்குள் விளிம்பு டயருக்குள் புகுந்துவிடும். அங்கே அதைத் தாங்கி நிறுத்துவது காற்றும் ரப்பரும் மட்டுமே.

எவ்வளவு தாங்கும்? தோராயமாகக் கணக்கிடலாம்.

1. பக்கச் சுவரின் உயரத்தில் சுமார் 17 மி.மீ. ரிம்மின் உதட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அது நமக்கு உதவாது.
2. காரின் எடையால் டயர் நிற்கும்போதே 20 மி.மீ. அளவுக்கு நசுங்கியிருக்கிறது.
3. முழுதாக நசுங்கினாலும் ரப்பரின் தடிமன் இன்னொரு 20 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றைக் கழித்தால் ரிம்மைக் காக்க மிஞ்சும் இடைவெளி 14 அங்குலத்தில் 75 மி.மீ., 15-இல் 63, 16-இல் 50, 17-இல் 35. பக்கச் சுவர் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது போலத் தெரியும்; பாதுகாப்போ பாதிக்கும் கீழே போய்விட்டது. 35 மி.மீ. என்பது இரண்டு விரல் தடிமன். மழைக்குப் பிறகு நம் ஊர்ச் சாலைகளில் அதைவிட ஆழமில்லாத பள்ளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எனவே வீலின் உறுதியைப் பற்றிய கேள்விக்கு முதல் பதில் வீலில் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் ரப்பரின் உயரத்தில் இருக்கிறது. சாதாரணமான 15 அங்குல அலாய் வீலை உயரமான டயரோடு ஓட்டினால் பல ஆண்டுகள் தாங்கும். விலையுயர்ந்த 17 அங்குல வீல் ஒரே இரவில் வளையலாம். காற்றழுத்தம் குறைந்திருந்தால் இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். அலாய் போட்ட கார்கள் மாதம் இருமுறையாவது, டயர் சூடாகாத நேரத்தில், காற்று பார்த்துக்கொள்வது அவசியம்.

எடை: எவ்வளவு குறைந்தால் எவ்வளவு ஆதாயம்?

அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பின் அடர்த்தி 7.85. இதை வைத்து அலாய் வீல் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. அலுமினியத்தின் விறைப்பும் இரும்பின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே சுமையைத் தாங்க அதைத் தடிமனாக வார்க்க வேண்டும். அதனால்தான் மலிவான 16 அங்குல அலாய் வீல், வண்டியோடு வந்த 14 அங்குல இரும்பு ரிம்மை விடக் கனமாக இருப்பது சர்வசாதாரணம். "அலாய் என்றாலே லேசு" என்பது அளவு மாறாதபோதும், நன்றாக வடிவமைத்தபோதும் மட்டுமே உண்மை.

சரி, உண்மையிலேயே ஒரு வீலுக்கு ஒன்றரைக் கிலோ குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கிற்கும் ஆறு கிலோ. சுழலும் எடை வெறும் எடையை விடப் பல மடங்கு பெரிது, ஒரு கிலோ குறைந்தால் பத்துக் கிலோ குறைந்ததற்குச் சமம் என்று சொல்பவர்கள் உண்டு. இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. சுழலும் பொருளை வேகப்படுத்தக் கூடுதலாகத் தேவைப்படும் உழைப்பு, அதன் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் இருமடியைப் பொறுத்தது. ரிம்மின் எடை சராசரியாக மையத்திலிருந்து சுமார் 15 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. தரையைத் தொடும் டயரின் ஆரம் 31 செ.மீ. பாதிக்கும் சற்றுக் குறைவு, அதன் இருமடி கால் பங்கு. ஆக, ரிம்மில் குறைக்கும் ஒரு கிலோ, காரின் உடலில் குறைக்கும் ஒன்றேகால் கிலோவுக்குச் சமம். பத்துக் கிலோவுக்கு அல்ல.

ஆறு கிலோவுக்கு ஏழரைக் கிலோ பலன். இரண்டு பேரோடு ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. மைலேஜில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாறாக, அகலமான டயர் சேர்ந்தால் உருளும்போது உண்டாகும் தடை கூடி மைலேஜ் குறையத்தான் வாய்ப்பு. டயரின் எடை பெரும்பகுதி வெளிவிளிம்பில் இருப்பதால், அங்கே கூடும் ஒரு கிலோ ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் கணக்காகும். லேசான ரிம் வாங்கி, கனமான அகல டயர் மாட்டினால் வந்த ஆதாயம் வந்த வழியே போய்விடும்.

அப்படியானால் லேசான வீலால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது இன்னோரிடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது வீல், டயர், பிரேக், வீல் மாட்டப்படும் ஹப் எல்லாம் சேர்ந்தது, சிறிய காரில் ஒரு மூலைக்கு ஏறத்தாழ 30 கிலோ. சாலையின் மேடுபள்ளத்தோடு சேர்ந்து எழுந்து தாழ வேண்டியது இந்த எடைதான். அதில் ஒன்றரைக் கிலோ குறைவது ஐந்து சதவீதம். சின்னச் சின்ன அதிர்வுகள் மென்மையாகும், டயர் தரையை விட்டு எழும்பும் நேரம் குறையும், ஸ்டியரிங் சற்றுத் துடிப்பாகும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் இதை உணர்வார். இதற்காக லேசான வீல் வாங்குவது நியாயமான ஆசை. பெட்ரோல் மிச்சத்துக்காக வாங்குவது ஏமாற்றத்தில் முடியும்.

ஒரே போலத் தெரியும் வீல்கள், வேறு வேறு செய்முறை

கடையின் சுவரில் வரிசையாகத் தொங்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் உலோகம் மூன்று வகையில் உருவாகியிருக்கலாம்.

1. வார்ப்பு வீல். உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றிச் செய்வது. பெரும்பாலும் ஏ356 என்ற கலவை: அலுமினியத்தோடு சுமார் ஏழு சதவீதம் சிலிக்கன், சிறிதளவு மக்னீசியம். குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து மேலாக உலோகத்தை அச்சுக்குள் ஏற்றும் முறையில் காற்றுக் குமிழ்கள் குறையும். சும்மா மேலிருந்து ஊற்றும் முறையில் அவை தங்கிவிட வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குமிழில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும்.

2. ஃப்ளோ ஃபார்மிங். நடுப்பகுதியை வார்த்துவிட்டு, சுற்றுப் பகுதியைச் சூடாக்கிச் சுழலவிட்டு, உருளைகளால் அழுத்தி நீட்டுவார்கள். சப்பாத்திக் கட்டையால் மாவைத் தேய்ப்பது போல உலோகம் மெலிந்து, அதே சமயம் இறுகும். பள்ளத்தில் அடிபடுவது இந்தச் சுற்றுப் பகுதிதான் என்பதால், லேசும் உறுதியும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் சிறந்த வழி இது.

3. ஃபோர்ஜ்டு வீல். கெட்டி அலுமினியத் துண்டைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கி, பிறகு கடைந்து எடுப்பது. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த டிஇ37 இதில் பெயர்பெற்றது. அந்த 37, 15 அங்குல வீலின் 3.7 கிலோ எடையைக் குறிக்கிறது. ஆனால் இவ்வகை வீல்களின் விலை சிறிய காரின் மதிப்போடு ஒப்பிட்டால் பொருந்தாது. அந்தப் பெயரோடும் தோற்றத்தோடும் மலிவாக விற்கப்படுபவை போலி வார்ப்புகள். உண்மையான ஃபோர்ஜ்டு வீலைப் போல மெல்லிய ஆரக்கால்களை மலிவான வார்ப்பில் செய்தால் அது அலங்காரமல்ல, ஆபத்து.

இரும்பு ரிம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பு அடிபட்டால் உடையாமல் வளையும், அதைத் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் கொஞ்சம் வளைந்ததுமே விரியத் தொடங்கும். கிராமத்துச் சாலைகளிலேயே பெரும்பாலும் ஓடும் வண்டிக்கு வந்த இரும்பு ரிம்மையே வைத்துக்கொள்வது பிற்போக்கல்ல, சரியான தேர்வு.

முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

நல்ல வீலின் பின்பக்கத்தில், ஆரக்காலின் உட்புறத்தில், சில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். அளவு, ஆஃப்செட் (கீழே விளக்கம் உண்டு), தாங்கும் சுமை ஆகியவற்றோடு தர முத்திரையும் இருக்க வேண்டும். இந்தியாவில் பார்க்க வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 16192 என்ற எண்ணும். ஜப்பானிய முத்திரைகளில் ஜேடபிள்யூஎல் என்பது தயாரிப்பாளர் தானே அளிக்கும் உறுதி. விஐஏ என்பது வெளி அமைப்பு ஒன்று சோதித்துத் தருவது. இரண்டும் இருந்தால் நம்பிக்கை கூடும்.

சோதனைகள் மூன்று. திருப்பத்தில் வரும் விசையைப் போல வீலைச் சுழற்றி வளைக்கும் சோதனை ஒன்று, சுமையோடு நெடுநேரம் உருட்டும் சோதனை ஒன்று. மூன்றாவதுதான் நமக்கு முக்கியமான மோதல் சோதனை. டயர் மாட்டிய வீலை 13 பாகை சாய்த்து வைத்து, 230 மி.மீ. உயரத்திலிருந்து ஒரு பாரத்தை அதன் விளிம்பில் போடுவார்கள். வீல் தாங்கக்கூடிய சுமையில் 0.6 பங்கோடு 180 கிலோவைக் கூட்டினால் அந்தப் பாரம் வரும். 500 கிலோ தாங்கும் வீல் என்றால் விழும் பாரம் 480 கிலோ.

எப்போது தோல்வி? நடுப்பகுதியில் விரிசல் ஊடுருவினால், நடுப்பகுதி ரிம்மிலிருந்து பிரிந்தால், ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுதும் இறங்கினால். பாரம் விழுந்த இடத்தில் விளிம்பு வளைந்தால் அது தோல்வியாகாது. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். முத்திரையின் பொருள் "இந்த வீல் வளையாது" என்பதல்ல. "அடிபட்டாலும் திடீரென்று நொறுங்கி உங்களைக் கவிழ்க்காது" என்பதே. முத்திரை உள்ள வீலும் வளையலாம், முத்திரை இல்லாத வீல் எதையும் செய்யலாம்.

சுமை எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஸ்விஃப்ட்டின் முழுச் சுமை எடை 1,300 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஒரு வீலுக்குச் சராசரியாக 330 கிலோ, பாரம் ஒருபக்கம் கூடும்போது இன்னும் கொஞ்சம். 450 கிலோவுக்கு மேல் பொறித்திருந்தால் போதிய இடைவெளி உண்டு. எண்ணே பொறிக்காத வீலை எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்தம்: நட்டு ஏறிவிட்டால் மட்டும் போதாது

1. பிசிடி. நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட், பலேனோ, ஹூண்டாய் ஐ20 எல்லாவற்றிலும் நான்கு நட்டு, 100 மி.மீ. பழைய ஃபியட் புன்டோவில் 98 மி.மீ. இந்த இரண்டு மி.மீ. வேறுபாட்டைக் கட்டாயப்படுத்தி முறுக்கினால் நட்டு கோணலாக அமரும், ஓடும்போது தளரும்.

2. நடுத்துளை. ஸ்விஃப்ட் ஹப்பின் அளவு 54.1 மி.மீ. வெளியில் விற்கும் வீல்கள் பல கார்களுக்கும் பொருந்தும்படி பெரிய துளையோடு வரும். இடைவெளியை அடைக்க ஹப் வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வீல் நடுவில் அமராமல் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் ஆடும். பத்துமுறை பேலன்சிங் பார்த்தாலும் நிற்காது.

3. நட்டின் புரி. இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்விஃப்ட்டுக்கும் ஐ20-க்கும் பிசிடி ஒன்று, நடுத்துளை ஒன்று. ஆனால் நட்டு ஏறும் 12 மி.மீ. ஸ்டட்டில் மாருதியின் புரி இடைவெளி 1.25 மி.மீ., ஹூண்டாயுடையது 1.5 மி.மீ. ஒன்றின் நட்டை மற்றொன்றில் நட்டு முறுக்கும் கன்னால் ஏற்றினால் ஓரிரு சுற்று ஏறி, ஸ்டட்டின் புரியைத் தின்றுவிடும். முதலிரண்டு சுற்றுகளைக் கையாலேயே சுற்றச் சொல்லிப் பாருங்கள். கையால் வழுக்கிக்கொண்டு ஏறாத நட்டு தவறான நட்டு. நட்டின் அடிமுகம் கூம்பா உருண்டையா என்பதும் வீலின் துளையோடு ஒத்துப்போக வேண்டும்.

4. ஆஃப்செட். ஹப்பில் ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. மி.மீட்டரில் உள்ள இந்த அளவை ஈடி என்று குறிப்பார்கள். ஈடி45-க்குப் பதில் ஈடி35 போட்டால் வீல் 10 மி.மீ. வெளியே வரும். பார்க்க மிடுக்காக இருக்கும். சுமை பேரிங்கின் மீது நெம்புகோல்போல அழுத்தும், ஸ்டியரிங் பள்ளங்களில் கையைப் பிடுங்கும். வீலின் அகலம் ஓர் அங்குலம் கூடினால் இரு பக்கமும் 12.7 மி.மீ. நீளும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வளைந்த வீலை என்ன செய்வது?

ஏ356 வார்ப்புக்கு உறுதி வருவது டி6 எனப்படும் வெப்பப் பதத்தால். சுமார் 540 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து, நீரில் திடீரென்று குளிரவைத்து, பிறகு 150 முதல் 180 டிகிரியில் பதப்படுத்துவார்கள். பெண்டு எடுக்கும் இடத்தில் கேஸ் சுடரால் சூடாக்கும்போது அந்த இடத்தில் இந்தப் பதம் கலைந்துவிடுகிறது. வீல் வட்டமாகத் திரும்பிவிடும், பழைய உறுதி திரும்பாது. அடுத்த முறை அதே இடம் முன்னைவிடச் சுலபமாக வளையும்.

உட்பக்க விளிம்பில் லேசான வளைவு என்றால் சரிசெய்து, பின்வீலாகப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கது. ஆரக்காலிலோ நட்டுத் துளையைச் சுற்றியோ மயிரிழை விரிசல் தெரிந்தால் வெல்டிங் வைக்கவே கூடாது. அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதுதான் முறை. வேறு யாருக்கும் விற்பதுகூடத் தவறு.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே கார் மாடலின் மேல்நிலை வகைக்குத் தயாரிப்பாளரே தரும் அளவோடு நின்றால் சிக்கல் வராது. டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்தினால் வரும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் புதிய வீல்களைக் கூடுதல் பொருளாகத் தெரிவித்து மதிப்பில் சேர்க்க வேண்டும். விபத்தில் வண்டிக்கும் சேதமில்லாமல் டயர் மட்டும் போனால் வழக்கமான பாலிசியில் பணம் கிடைக்காது. டயர், ரிம் இரண்டுக்கும் தனிச் சேர்க்கை உண்டு. புதுப்பிக்கும்போது கேட்டு வாங்கலாம்.

கடையில், இந்த வரிசையில்

முதலில் அளவை முடிவுசெய்யுங்கள். 14-இல் இருப்பவர் 15-க்குப் போகலாம். நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவர் 16-இல் கட்டாயம் நின்றுவிட வேண்டும். 17-ஐ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிறகு முத்திரையும் சுமை எண்ணும். பிறகு எடை: பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், கடையில் இருக்கும் தராசிலோ கையோடு கொண்டுபோகும் தொங்கு தராசிலோ போட்டுப் பாருங்கள். அதே தராசில் உங்கள் பழைய ரிம்மையும் போடுங்கள். டிசைனும் நிறமும் கடைசியில்.

மாட்டும்போது கன் வைத்து இறுக்கிவிட்டு அனுப்புவதை ஏற்காதீர்கள். காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்கும் மறுக்குமாக இறுக்கச் சொல்லுங்கள். முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் புதிய அலுமினியத் துளைகள் நட்டுக்கு அடியில் கொஞ்சம் அமுங்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அது பெரும்பாலும் பழைய இரும்பு ரிம்மாகத்தான் இருக்கும். அலாய்க்கு வந்த புது நட்டுகள் அதில் சரியாக அமர்கின்றனவா, வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் புது நட்டுக்குள் நுழைகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்கு உள்ளேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.